பௌன் தெருப் பிள்ளையார்

அமாவாசை தர்ப்பணம் செய்யும் அன்பர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைக்குப் பெயரும் கோத்திரமும் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறோம். தாய் வழியினருக்கும் அவ்வாறே. பெயர் அறிந்தவர், அறியாதவர் அனைவருக்கும் கொடுத்தாயிற்று. முன்னோரை அவரவர் இடத்துக்கு வழியனுப்பியும் ஆயிற்று. அதன் பிறகும் ஒரு கடன் மிஞ்சியிருக்கிறது. கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்த்து, அந்தத் தர்ப்பையின் வழியே கடைசியாக ஒருமுறை நீர் விடுகிறோம். தாயும் தந்தையும் அற்றவர், உற்றார் இல்லாதவர், நீர் விட ஒரு கோத்திரத்தாரும் மிஞ்சாதவர் எவரோ, அவர்களுக்கு உரிய நீர் அது. அவர்கள் எந்த ஊரார், எந்த மொழியினர், எந்தத் தெய்வத்தைத் தொழுதவர் என்ற கேள்வி அந்த மந்திரத்தில் இல்லை.

நாற்பது ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கோயில் தெப்பக்குளத்தின் கிழக்குப் படித்துறையில் அமர்ந்து அந்த நீரை விட்டு வருகிறேன். மந்திரத்தின் பொருளும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அதே படித்துறையைக் குறித்த ஒரு மனுவில், அதே வலக்கையால், மூன்றாவது ஆளாகக் கையெழுத்திட்டேன்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சில ஆண்டுகளாக எங்கள் ஊரில் குடும்பத்துடன் தங்கியிருக்கிறார்கள். கட்டட வேலை, தரைக்குக் கல் பதிக்கும் வேலை, அரிசி ஆலை வேலை என்று பிழைக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் எங்கள் கோயில் மகா மண்டபத்துக்குக் கருங்கல் தளம் இட்டவர்களும் அவர்களே. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் மாலையில் நீரில் நின்று மறையும் சூரியனுக்கும், மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் விடுவது அவர்கள் நாட்டு வழக்கம். 'சட் பூஜை' என்பார்கள். சட் என்பது நம் சஷ்டிதான். எங்கள் ஊரில் ஆறு இல்லை. ஆகையால் தெப்பக்குளத்தில் ஒரு படித்துறையை இரண்டு வேளைக்கு மட்டும் தரவேண்டும் என்று, தமிழ் பேசக் கற்றிருந்த ஒருவரை முன்னிட்டுக் கேட்டார்கள்.

கூடிப் பேசினோம். குளம் மாசுபடும், கூட்டம் சேரும், கந்த சஷ்டி நேரத்தில் குழப்பம் நேரும் என்று காரணங்கள் எழுதப்பட்டன. முதல் காரணத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆனால் எழுதப்படாத காரணம் ஒன்று எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது: இவர்கள் நம்மவர் அல்லர். நான் கையெழுத்திட்டது அந்த ஒன்றுக்காகவே என்பதைச் சொல்ல இன்று நாணுகிறேன். மனு ஏற்கப்பட்டது. அவர்கள் ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குச் சென்று, முழங்கால் சேற்றில் நின்று வழிபட்டதாகப் பின்னர்க் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று எனக்கு உறக்கம் கெடவில்லை.

கடல் கடந்த சந்நிதி

அடுத்த ஆண்டு ஆவணியில் நியூயார்க்கில் மகள் வீட்டில் இருந்தேன். நம் வாசகர்களுள் பலர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்றிருப்பீர்கள். அவர்களுக்குப் பிளஷிங் பிள்ளையாரைத் தெரியாமல் இராது. குவீன்ஸ் பகுதியில் பௌன் தெருவில் கோயில் கொண்டிருக்கும் ஸ்ரீ மகா வல்லப கணபதி அவர். வெளியே ராஜகோபுரம், உள்ளே கருங்கல் மூர்த்தங்கள், சிவன், பெருமாள், தாயார், முருகன், நவக்கிரகங்கள் என்று தனித்தனிச் சந்நிதிகள், கீழ்த்தளத்தில் தோசை மணக்கும் உணவுக்கூடம். நான் முதலில் தேடியது சந்நிதியையா, உணவுக்கூடத்தையா என்று என் மகள் கேலி செய்வதுண்டு. அது இருக்கட்டும்.

இக்கோயிலின் பிறப்பு, பெரியவர்கள் அறிய வேண்டியது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த டாக்டர் அழகப்பா அழகப்பன் ஐக்கிய நாடுகள் சபையில் அலுவலராகப் பணியாற்றியவர். அவரும் வேறு சில அன்பர்களும் 1970-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ரஷ்யக் கிறிஸ்தவர்களின் பழைய ஆலயம் ஒன்று இருந்த இடத்தை வாங்கினார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் துணையோடு இந்தியாவிலிருந்து கருங்கல் சிற்பங்கள் கப்பலேறின. 1977 ஜூலை 4-ஆம் நாள், அந்நாட்டின் சுதந்திர தினத்தன்று, கும்பாபிஷேகம் நடந்தேறியது.

நான் சென்றது விநாயக சதுர்த்தி நாட்களில். அர்ச்சனைக்குக் கொடுத்தபோது அர்ச்சகர் சொன்ன சங்கல்பத்தில் ஓரிடம் என் செவியை ஈர்த்தது. ஜம்பூத்வீபத்தையும் பாரத வர்ஷத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் க்ரௌஞ்ச த்வீபத்தைச் சொன்னார். பூமியில் தாம் நிற்கும் இடம் மாறிவிட்டதை இறைவனிடம் ஒளிக்காமல் அறிவித்துவிட்டு, பிறகு பேரன் நட்சத்திரத்துக்கும் என் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார். எந்தச் சிறு வேண்டுதலுக்கும் முன்பு பிரம்மாவின் ஆயுட்கணக்கில் தொடங்கி, யுகத்தையும் கண்டத்தையும் சொல்லி, அதற்குப் பிறகே நம் வீட்டுப் பெயரைச் சொல்லுகின்ற வழக்கம் நம்முடையது. 'உலகக் குடிமகன்' என்று பேரனின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. அந்தப் பாடத்தை நாம் தினமும் சங்கல்பத்தில் சொல்லி வருகிறோம் என்று அவனிடம் பெருமையாகக் கூறினேன். அந்தப் பெருமை இரண்டு நாள்தான் நிலைத்தது.

தேர் புறப்பட்ட அன்று தெருவில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். நாதஸ்வரம் முழங்க, பிள்ளையார் அந்நிய மண்ணில் வீதியுலா வந்தார். கொரியக் கடைக்காரர்களும் சீனத்து மூதாட்டிகளும் வாயிலில் நின்று பார்த்தார்கள். சிலர் நம்மைப் போலவே கை கூப்பினார்கள். காவலர் ஒருவர் தேருக்கு முன்னே நடந்து வழி செய்துகொண்டிருந்தார். கண்ணீர் மறைக்க, பேரனைக் கேட்டேன்: "கண்ணா, இந்த ஊரில் நம் கோயில் வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லையா?"

"முணுமுணுப்பவர்கள் எங்கும் இருப்பார்கள், தாத்தா. ஆனால் தடுக்கச் சட்டம் இடம் தராது. அதற்குக் காரணமான மனிதரின் வீடு இதே தெருவில் இருக்கிறது. நாளை நடந்தே போகலாம்" என்றான்.

முப்பது பேர் எழுதிய மனு

மறுநாள் பௌன் தெருவிலேயே வடக்கு நோக்கி நடந்தோம். இருபது நிமிடத்துக்குள் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பழைய மர வீடு தெரிந்தது. ஏறத்தாழ 1661-இல் கட்டப்பட்டது. ஜான் பௌன் என்னும் ஆங்கிலேய விவசாயியின் வீடு. தெருவுக்குப் பெயர் கொடுத்தவர் அவரே.

அந்நாளில் நியூயார்க், டச்சுக்காரர்களின் குடியேற்றம். பிளஷிங்கில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு 1645-இல் டச்சு நிர்வாகம் அளித்த பட்டயத்தில், மனச்சாட்சியின்படி வாழும் உரிமை சொல்லப்பட்டிருந்தது. பின்னர் ஆளுநராக வந்த பீட்டர் ஸ்டைவசண்ட் கடுமையானவர். தம் திருச்சபையைத் தவிர வேறு எந்தக் கூட்டு வழிபாட்டையும் அவர் பொறுக்கவில்லை. குருமாரும் சடங்கும் இன்றி மௌனமாக அமர்ந்து இறைவனை நினைப்பவர்கள் குவேக்கர்கள். அவர்கள் மீது அவருக்குத் தனி வெறுப்பு. ராபர்ட் ஹாட்சன் என்னும் இளம் குவேக்கர் பிடிபட்டபோது, தள்ளுவண்டியோடு சங்கிலியிட்டு வேலை வாங்கினார்கள். மறுத்ததற்காக உயிர் போகும் அளவுக்கு அடித்தார்கள். ஸ்டைவசண்டின் உடன்பிறந்த சகோதரியே மன்றாடிய பிறகுதான் அவர் விடுவிக்கப்பட்டார். குவேக்கர் ஒருவருக்கு ஓரிரவு தங்க இடம் கொடுத்தாலும் அபராதம் என்று ஆணை பிறந்தது.

ஓரிரவு தங்க இடம்! நம் சாஸ்திரம் இதை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்னும் மூன்றையும் எல்லோரும் அறிவோம். சதபத பிராமணம் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறது: மனிதர்களுக்குப் பட்ட கடன். வந்தவருக்குத் தங்க இடமும் உணவும் அளிப்பதால் அது தீரும் என்கிறது. எந்த மனிதருக்கு என்று வரையறுக்கவில்லை. அந்த நான்காவது கடனைத்தான் ஸ்டைவசண்ட் குற்றம் ஆக்கினார்.

1657 டிசம்பர் 27. பிளஷிங்வாசிகள் கூடி ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்கள். ஊர்க் கணக்கர் எட்வர்ட் ஹார்ட் அதை வரைந்தார். முப்பது பேர் அளவில் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாத சிலர் பெயருக்கு எதிரே ஒரு குறி மட்டும் இட்டார்கள். அவர்கள் தங்களுக்காகக் கேட்கவில்லை என்பதுதான் இதில் வியப்பு. அவர்கள் குவேக்கர்கள் அல்லர். அந்நியரைத் துன்புறுத்த எங்கள் மனச்சாட்சி இடம் தராது என்றார்கள். அன்போடு வருகிறவர் எவராயினும் எங்கள் ஊருக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வரவும் போகவும் விடுவோம் என்றார்கள். தங்கள் சமயத்தின் பல பிரிவினரைச் சொன்னதோடு நிற்காமல், அன்பும் அமைதியும் சுதந்திரமும் யூதருக்கும் துருக்கியருக்கும் எகிப்தியருக்கும் கூட உரியவை என்று எழுதினார்கள். இந்துக்களின் பெயர் அதில் இல்லை. பிளஷிங்கின் உழவர்கள் இந்துவைக் கண்டிருக்க வழியில்லை. தமக்குத் தெரிந்த தொலைதூர மக்களின் பெயர்களை எல்லாம் எழுதிவிட்டார்கள், அவ்வளவே.

விளைவு என்ன? மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்த ஊர் அதிகாரி டோபையாஸ் ஃபீக் கைதானார். அவர் பதவி பறிக்கப்பட்டது. ஹார்ட் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சில வாரங்களில் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தார். கையெழுத்திட்டவர்களுள் வேறு சிலரும் பணிந்துவிட்டார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. மனைவி மக்களை உடைய சாமானியர்கள் அவர்கள். பணிந்த பின்பும் அவர்கள் எழுதியது எழுதியதுதான். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. 1911-இல் ஆல்பனி நகரில் அது இருந்த நூலகம் தீப்பற்றியபோது ஓரங்கள் கருகின, எழுத்து மிஞ்சியது.

ஜான் பௌனின் மனைவி ஹன்னா முதலில் குவேக்கர் கூட்டங்களுக்குச் சென்றார்; கணவர் பின்தொடர்ந்தார். தம் வீட்டிலேயே அவர்கள் கூடி வழிபட இடம் கொடுத்ததற்காக 1662-இல் பௌன் கைதானார். அபராதம் கட்டினால் விடுதலை. கட்ட மறுத்தார். கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அவர் ஹாலந்து வரை சென்று, அக்குடியேற்றத்தை நடத்திய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியாரிடம் பழைய பட்டயத்தைக் காட்டி முறையிட்டார். மனிதரின் மனச்சாட்சியை வற்புறுத்த வேண்டாம் என்று 1663-இல் கம்பெனியார் ஸ்டைவசண்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பௌன் வீடு திரும்பியது அடுத்த ஆண்டில்.

அந்த வீட்டின் வேலியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். தெருவின் அந்த முனையில் இந்த வீடு. இந்த முனையில் நம் பிள்ளையார். சுற்றியுள்ள தெருக்களில் சீக்கியர், யூதர், கொரியக் கிறிஸ்தவர், சீனப் பௌத்தர் எல்லோருடைய ஆலயங்களும் இருக்கின்றன. 1694-இல் எழுந்த குவேக்கர் கூட்ட மண்டபத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. 2022-இல் நம் கோயில் உள்ள பகுதிக்குக் 'கணேஷ் கோயில் தெரு' என்ற பெயரையும் நகரத்தார் சேர்த்திருக்கிறார்கள்.

"தாத்தா, கால் வலிக்கிறதா?" என்றான் பேரன். இல்லை என்றேன். நானும் ஒரு மனுவில் கையெழுத்திட்டவன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஆனைமங்கலத்துச் செப்பேடு

இப்படிப்பட்ட பெருந்தன்மை மேனாட்டாருக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுக்கு அறுநூற்றைம்பது ஆண்டு முன்பே நம் மண்ணில் ஒரு சாசனம் எழுதப்பட்டது. அந்தச் சாசனம் இன்று ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்தின் பெயரால் அழைக்கப்படுவது ஒரு விந்தை.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழனின் காலம். கடல் கடந்த ஸ்ரீவிஜயத்தின், நம்மவர் கடாரம் என்று சொன்ன நாட்டின், மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். தன் தந்தையின் பெயரால் அதற்குச் சூடாமணி விகாரம் என்று பெயரிட்டான். வணிகத்துக்கு வந்து தங்கும் அந்நாட்டார் வழிபட ஓர் இடம் வேண்டுமல்லவா? சிவபாத சேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட ராஜராஜன் இடம் கொடுத்ததோடு நிற்கவில்லை. தன் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு எழுதி வைத்தான். பெண் யானை ஒன்றைச் சுற்றி நடக்க விட்டு ஊர் எல்லையை வகுத்தார்கள். மகன் ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறித்தான். 21 ஏடுகள், ஐந்து வடமொழியில், பதினாறு தமிழில். நம் அரசன் அந்நியரின் பள்ளிக்குக் கொடுத்த கொடைக்குத் தமிழே பெரும்பங்கு சாட்சி சொல்கிறது.

அதே ராஜேந்திரன் பின்னாளில் கடாரத்தின் மீது படையெடுத்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அரசர்கள் அரசர்களே. ஆயினும் விகாரம் நிலைத்தது. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் அதற்கு வரிவிலக்குகளை உறுதிசெய்து இன்னொரு செப்பேடு அளித்தான். பகை வந்து போன பிறகும் விருந்தினரின் வழிபாட்டு உரிமைக்குப் பங்கம் நேரவில்லை.

பிளஷிங் மக்கள் தண்டிக்கப்பட்ட அதே 1658-இல்தான் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். ஆனைமங்கலத்துச் செப்பேடுகள் அவர்கள் வழியாகவே ஹாலந்து சென்றன. உலகம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

ஊர் திரும்புமுன் பேரன் இன்னோர் இடத்தையும் காட்டினான். பிளஷிங் மெடோஸ் என்னும் பெரிய பூங்காவில் ஒரு பழைய கட்டடம். ஐக்கிய நாடுகள் சபைக்குச் சொந்தக் கட்டடம் எழுவதற்கு முன், 1946 முதல் 1950 வரை அதன் பொதுச்சபை கூடிய இடம் அது. மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸில் நிறைவேறியது. அதன் முதல் விதி ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. அதை மனிதப் பிறவிகள் அனைவரும் என்று மாற்றச் செய்தவர் நம் நாட்டின் ஹன்சா மேத்தா அம்மையார். வழிபாட்டு உரிமையைச் சொல்வது பதினெட்டாம் விதி. அது எல்லோருக்கும் தெரியும். இருபத்தொன்பதாம் விதி ஒவ்வொருவருக்கும் தம் சமூகத்தின்பால் கடமை உண்டு என்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அச்சபையின் நியூயார்க் மண்டபத்தில் 1966 அக்டோபர் 23-ஆம் நாள் திருமதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. காஞ்சி மகா பெரியவர் அருளிய 'மைத்ரீம் பஜத' எத்தனை வீடுகளில் விடியற்காலையில் ஒலிக்கிறது! எங்கள் வீட்டிலும் ஒலிக்கும். மனுவில் கையெழுத்திட்ட நாளன்று காலையிலும் ஒலித்திருக்கும்.

கிழக்குப் படித்துறை

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஊர் திரும்பினேன். மனுவின் முதல் கையெழுத்துக்கு உரியவர் என் பள்ளித் தோழர். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஓய், மூன்று மாதம் அமெரிக்கா போய்வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறீரா?" என்றார்.

"பாடம் ஒன்றும் இல்லை. என் கையெழுத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

அவர் காப்பியை நீட்டினார்; அதன் பிறகு பேசவில்லை. இன்றும் சற்றுக் குறைவாகத்தான் பேசுகிறார்.

புதிதாக ஒரு கடிதம் எழுதி வீடு வீடாகச் சென்றேன். ஐந்து கையெழுத்துகள் கிடைத்தன. கோயில் குருக்கள்தாம் எனக்குப் பெரிய துணை. "மாமா, காலையிலும் மாலையிலும் நாம் அர்க்கியம் விடுவதும் அதே சூரியனுக்குத்தானே? அவர்கள் விட்டால் ஏற்க மாட்டாரா?" என்றார். அந்த வாதத்தால் தயங்கிய இருவர் மனம் மாறினர்.

எனக்கு மட்டும் அந்த வாதத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. தெய்வம் ஒன்றாக இருந்ததால் எளிதாயிற்று. அவர்கள் நமக்குச் சற்றும் தெரியாத ஒரு தெய்வத்தை, தெரியாத ஒரு முறையில் தொழுபவர்களாக இருந்திருந்தால் வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பேனா? பிளஷிங்கின் முப்பது பேருக்கு இந்த வசதி இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என் மனம் உடனே விடை தரவில்லை. இப்போதும் ஒவ்வோர் அமாவாசையிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

உரியவர்கள் அனுமதித்தார்கள், நிபந்தனைகளோடு. கிழக்குப் படித்துறை மட்டும், பிளாஸ்டிக் கூடாது, ஆழத்துக்குப் போகாதபடி சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்ட வேண்டும், முடிந்ததும் துப்புரவு செய்து ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்கள். பூஜைக்கு முதல்நாள் அவர்களுள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து படிகளைத் தேய்த்துக் கழுவினார்கள். நாங்கள் ஆண்டுக்கணக்கில் வழுக்கி வழுக்கி இறங்கிய பாசி அன்று போயிற்று. குளம் மாசுபடும் என்று எழுதியிருந்தோம்.

சஷ்டி மாலை. கோயிலில் சூரசம்ஹாரத்துக்கு முரசு முழங்கிக்கொண்டிருந்தது. நான் ஆறு நாள் விரதத்தில் இருந்தேன். படித்துறையில் இறங்கி நின்ற பெண்களும் முதல்நாள் இரவிலிருந்து தண்ணீர்கூட அருந்தாத விரதத்தில் இருந்தார்கள். இரண்டு விரதமும் ஒரே திதிக்கு உரியவை என்பது அதுவரை என் புத்தியில் படவில்லை. அவர்கள் கைகளில் இருந்தவை மூங்கில் முறங்கள். நம் வீட்டில் அரிசி புடைக்கும் அதே முறம். அதில் வாழைப்பழம், தேங்காய், மஞ்சள் கொத்து, கரும்பு. நம் பொங்கல் பானைக்கு முன் நாம் வைப்பதில் ஒன்றும் குறைவில்லை. இடுப்பளவு நீரில் நின்று, முறத்தைத் தூக்கி, மறையும் கதிரவனுக்குக் காட்டினார்கள். தேர் பார்த்த சீனத்து மூதாட்டிகளைப் போல எங்கள் தெருப் பெண்கள் சிலர் மேல்படியில் வந்து நின்றார்கள்.

மறுநாள் விடியுமுன்பே சென்றுவிட்டேன். குளிரில் நடுங்கியபடி அவர்கள் கிழக்கைப் பார்த்து நின்றிருந்தார்கள். கதிர் எழுந்ததும் பால் விட்டு அர்க்கியம் முடிந்தது. ஈரச் சேலையோடு படியேறி வந்த ஒரு மூதாட்டி, முறத்திலிருந்து நெய்யும் வெல்லமும் மணக்கும் கோதுமைப் பணியாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. தமிழ் பேசும் அந்தப் பிள்ளை அருகில் வந்து, "தேக்குவா, ஐயா. சூரிய பகவான் பிரசாதம். உங்களுக்கு விரதம் என்றால் பிறகு சாப்பிடலாமாம்" என்றான்.

அங்கவஸ்திரத்தை ஏந்தி வாங்கிக்கொண்டேன். முருகன் திருக்கல்யாணம் முடிந்து நான் பாரணைக்கு உட்கார்ந்தபோது, முதலில் வாயில் இட்டது அதைத்தான்.